இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தலைவி

மூன்றாம் கவுன்டர்க்காரிக்கு இரக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. அரசு இணைய சேவை மையத்துக்கு உதவித்தொகை கேட்டு வரும் முதியவர்களில் பாதிப் பேரிடம் செல்போன் கிடையாது. எண் போடாமல் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது. "என் நம்பரையே போட்டுடறேன், விடுங்க" என்று ஆறு வருடமாகத் தட்டிக்கொண்டே வந்தாள். மாதம் ஒருமுறை அவர்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் ஓடிபி அவள் போனுக்கு வரும், போட்டுவிடுவாள். இதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தாள்.

முழுகியது அவள் குடிதான். அம்மா பக்கவாதத்தில் விழுந்து, தொலைதூர ஊரில் பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் கிடக்கிறாள். அந்த ஊருக்கே மாற்றல் கேட்டு, நாயாய் அலைந்து உத்தரவும் வாங்கியாயிற்று. இன்று ஐந்து மணிக்குள் குடும்பப் பதிவையும் அங்கே மாற்றாவிட்டால் உத்தரவு செல்லாது.

பதிவைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. ஒரே எண் உள்ளவர்கள் ஒரே குடும்பம் என்று கணினி போன வாரம் முடிவு கட்டியிருந்தது. கல்யாணமே ஆகாத அவள் இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் குடும்பத் தலைவி. தலைவி ஊர் மாறினால் அத்தனை பேரும் மாற வேண்டுமாம்.

மேலாளரிடம் ஓடினாள். அவர் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். உதவி எண்ணோ அருகிலுள்ள சேவை மையத்தின் மூன்றாம் கவுன்டரை அணுகச் சொன்னது. அணுகினாள், தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

தலைவி விலகக் காரணம் என்ற கட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இறப்பு. ஆத்திரத்தில் அதையே அழுத்தினாள். போன் அதிர்ந்தது. தங்கள் இறப்பை உறுதிசெய்ய ஆறு இலக்க எண், பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும்.

போட்டால் தப்பிக்கலாம்; செத்தவள் குடும்பப் பதிவை மாற்றத் தேவையில்லை, உத்தரவு அப்படியே நிற்கும். வேலைப் பதிவு வேறு கணினியில் இருக்கிறது. அவள் செத்த சேதி அங்கே போய்ச்சேர மூன்று மாதம் ஆகும். இந்தக் கூத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்குள் அம்மாவிடம் போய்விடலாம். ஆனால் அவளோடு அந்த எண்ணும் முடங்கும், பெஞ்சில் இருப்பவர்களின் கஞ்சியும் நின்றுபோகும்.

போன் அதிர்ந்ததைக் கேட்டு, பெஞ்சில் காத்திருந்த ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் கம்பை ஊன்றி எழுந்தார். "என்னோட நம்பராம்மா?"

"இல்லைங்கய்யா. இது என்னோடது."

"அப்போ முதல்ல உன் வேலையைப் பாரும்மா. நான் எங்கே போகப்போறேன்?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு இலக்கம் வரை தட்டினாள். கை அதற்கு மேல் போகவில்லை. பத்து நிமிடம் கரைந்து, கட்டம் தானே மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் வருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். அதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது. இது காவலாளியுடையது. ஆறு இலக்கத்தையும் போட்டு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்தாள்.