ரெண்டுங்கெட்டான் டயர்

1983 நவம்பர் 9, புதன்கிழமை. திருவண்ணாமலை திண்டிவனம் ரோட்டில் சக்கரபாணியின் டயர் கடை முன்பு, ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று நான்கு வழுக்கை டயர்களுடன் நின்றது. பின்பக்கத்தை வெட்டிப் பலகைத் தொட்டி வைத்து அதைப் பிக்கப் ஆக்கியிருந்தார்கள்.

வண்டி பரசுராமனுடையது. இத்தனை வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவன் சொந்த வண்டிக்காரனாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் அவனால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. சோற்றில் கை வைத்ததும் ஏதோ ஞாபகம் வந்து, எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவான். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஏரியின் மறுகோடியில் இருக்கிறது கருங்காலிப்பட்டு. அதுவரை அந்த ஊருக்குள் பஸ்ஸோ வேனோ போனதில்லை. ஊர்ப் பால் ஏரிக்கரை மேலேயே சைக்கிளில் மெயின் ரோட்டுக்கு வரும். மழைக்காலத்தில் சைக்கிளும் வராது, பால் வீணாகும். வருகிற திங்கட்கிழமை காலை பாலைக் கெடாமல் கொண்டுவந்து குளிர்விக்கும் நிலையத்தில் இறக்கிக் காட்டினால் அந்த ரூட்டைப் பரசுராமனுக்குத் தருவதாகவும், இல்லாவிட்டால் தை பிறக்கும்வரை அந்த ஊர்ப் பாலே எடுப்பதில்லை என்றும் நிலையத்து அதிகாரி சொல்லிவிட்டார். கருங்காலிப்பட்டு அவன் மனைவி வள்ளி பிறந்த ஊர். கூடவே வருவேன் என்று அவளும் வந்திருந்தாள்.

தீபத்துக்குக் கொடியேறுகிற வாரம். தெருவில் சோடாக் கடைக்காரர்களும் ராட்டினக்காரர்களும் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி மூன்று டயர்களை உருட்டி வந்து சுவரில் சாய்த்தார்.

"இது கோடு டயரு. தார்ல பாம்பாட்டம் போவும். சேத்துல உட்டா உக்காந்துக்கும்."

"இது?"

"மிலிட்டரி கட்டை. சேறு இன்னா, செவுரு மேலயே ஏறும்."

கட்டை கட்டையாகப் புடைத்த அந்த டயரின் இடுக்கில் பரசுராமன் கையை விட்டான். விரல் முழுசாக உள்ளே போயிற்று. முகம் மலர்ந்து திரும்பி வள்ளியைப் பார்த்தான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப தலையத் தூக்கல நீ. ரப்பரை இன்னா பார்வை பாக்கற!" என்றாள் வள்ளி. பிறகு மூன்றாவது டயரைக் காட்டி, "அது இன்னாண்ணா?" என்று கேட்டாள்.

"அது ரெண்டுங்கெட்டான்மா. நடுவுல கோடு, ஓரத்துல கட்டை. தாருக்கும் ஆவாது, சேத்துக்கும் ஆவாது. எவனோ வரவழைச்சிக் குடுன்னு சொல்லிட்டு ஆளே வரல."

"ரெண்டுக்கும் ஆவும்னு சொல்லித்தான் வித்துப் பாரேன்."

"நீ கடையில உக்காரும்மா. நான் ஊட்டுக்குப் போறேன்" என்று சிரித்தார் சக்கரபாணி.

பரசுராமன் கட்டை டயரையே எடுத்தான். சேறு அப்பினாலும் பரவாயில்லை, பிடிக்காவிட்டால் நான்கு நாளுக்குள் கொண்டுவா, மாற்றித் தருகிறேன் என்று சக்கரபாணி வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒரு மழை விட்டதும் கிளம்பினார்கள். தார் ரோட்டில் டயர் ஊமென்று உறுமியது. அந்தச் சத்தம் கேட்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரைக்கு ஏறுகிற சரிவில் களிமண் நெய் தடவியதுபோல் மின்னியது. பரசுராமன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு ஏறிவிட்டது. வள்ளி தன்னையறியாமல் கத்தினாள். ஒரு பக்கம் முக்கால்வாசி நிறைந்த ஏரி, இன்னொரு பக்கம் பள்ளத்தில் பச்சை வயல், நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குக் கரை. அத்தனை தூரத்தையும் வண்டி சேற்றைப் பின்னால் வாரி வாரி எறிந்துகொண்டே கடந்தது. ஊருக்குள் நுழைந்தபோது திண்ணையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். யாரோ விசிலடித்தார். ஆராயி என்கிற கிழவி ஆரத்தித் தட்டோடு வந்து டயருக்கெல்லாம் பொட்டு வைத்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்ணாங்கட்டி வந்தான். வள்ளியின் அண்ணன். மடை திறப்பதும் அடைப்பதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் ஊர் அவனிடம் விட்டிருக்கிற வேலை.

"வண்டி ஜோரு, மாப்ள. கொஞ்சம் கூட வந்து பாரு."

கரை நெடுக இரண்டு கோடுகள் கிடந்தன. கோடு என்பதைவிட வாய்க்கால் எனலாம். கட்டை கொத்திய இடமெல்லாம் மண் பெயர்ந்து, அதற்குள் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. மண்ணாங்கட்டி உட்கார்ந்து விரலை விட்டான். நேற்று கடையில் டயருக்குள் போனதுபோலவே இங்கே மண்ணுக்குள் விரல் முழுசாகப் போயிற்று.

"ஏரி ரொம்பிக்கினு வருது. இதுல தண்ணி நின்னா கரை ஊறிடும்."

"ஒரு நாளைக்கு ஒருவாட்டிதானே மச்சான்."

"போறதுக்கு ஒரு கீறல், வர்றதுக்கு ஒரு கீறல். கரை ஒடைஞ்சா பாலு எங்கருந்து வரும்? மாடே தண்ணியில மெதக்கும்."

வள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. "மொத மொத நம்ம ஊருக்கு ஒரு வண்டி வருது. மாலை போடலன்னாலும் பரவால்ல, மறிக்காதண்ணா."

"வண்டிய யாரு மறிச்சா? அதோட காலைத்தான் வாணாங்கறேன். வேற கால் மாட்டிக்கினு வரச்சொல்லு."

பரசுராமன் குனிந்து தடத்தைப் பார்த்தான். சேற்றை ஜெயிப்பதற்கென்றே ஒரு டயரைத் தேடி எடுத்திருந்தான். அந்தச் சேறு ஒரு ஊரின் கரை என்பது கடையில் அவனுக்குத் தோன்றவேயில்லை. லாரி ஓட்டிய காலத்தில் எந்த ரோட்டில் ஓடினாலும் பின்னால் கிடப்பதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இருந்ததில்லை.

இந்த டயரோடு திரும்பவும் கரை மேல் வண்டியை ஓட்ட முடியாது. வேறு வழியும் கிடையாது. மதியம் பால் சங்கத்து வாசலில் ஜீப்பைக் கருங்கல் மேல் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரங்களையும் கழற்றினார்கள். அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றி, மேலே பரசுராமன் உட்கார்ந்து கரையைக் கடந்தான். ஊரே சிரித்தது. "புதுவண்டிக்காரரு போறாரு, வழி உடுங்கடா!" என்று ஒருவன் கூவ, பரசுராமனும் சிரித்துவிட்டான். மெயின் ரோட்டிலிருந்து பஸ் கூரையில் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், ரெண்டுங்கெட்டானைக் கேட்டு நின்றபோது சக்கரபாணி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "உம் பொண்டாட்டியக் கடைக்கு அனுப்பி வை" என்றார்.

டயர் மாற்றிய சக்கரங்கள் அதே மாட்டுவண்டியில் ஊர் திரும்பி ஜீப்பில் ஏறின. ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க மழை பெய்தது. திங்கட்கிழமை விடியும்போது கருங்காலிப்பட்டில் யாரும் வீட்டுக்குள் இல்லை. ஏழு கேன் பால் ஏறியது. ஊர்ப்பக்கச் சரிவில் முன்சக்கரம் ஏறிற்று, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கட்டையாக இருந்தால் இந்நேரம் மேலே நிற்கும் என்று பரசுராமன் நினைத்தான். வண்டியைப் பின்னுக்கு விட்டு மறுபடி முயன்றான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஏரிப்பக்கம் திரும்பியது. பெண்கள் அலறினார்கள்.

"பின்னாடி கனம் பத்தல!" வள்ளி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "அண்ணா, இன்னா வேடிக்க? ஏறு!"

"நானா?"

"நீதான் கனம். ஊரே சொல்லுது."

மண்ணாங்கட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பலகையில் தொற்றினான். அவனைப் பார்த்து நான்கு பேர், அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர். பின்சக்கரத்தின் நேர்மேலே எல்லோரும் கூடி நின்று கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பரசுராமன் மிக மெதுவாக, முட்டை மேல் மிதிப்பதுபோல் மிதித்தான். டயர் ஒரு சாண் ஏறிற்று, நின்றது, இன்னொரு சாண் ஏறிற்று. கரை மட்டத்துக்கு வந்ததும் பின்னால் எழுந்த கூச்சலில் ஏரியில் மேய்ந்த கொக்குகள் கிளம்பின. வள்ளி அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். அவனுக்கு வலிக்கவில்லை.

கரையின் மறுகோடியில் எல்லோரும் குதித்து இறங்கினார்கள். மண்ணாங்கட்டி வண்டியைப் பார்க்கவில்லை. திரும்பிக் கரை மேல் நடந்தான். டயர் போன தடத்தில் குதிகாலை வைத்து அழுத்துவதும், நகர்ந்து மறுபடி அழுத்துவதுமாக அவன் சின்னதாகிக்கொண்டே போவது பரசுராமனுக்கு வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது.

குளிர்விக்கும் நிலையத்தில் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒரு கேன் பால் திரிந்திருந்தது. மற்ற ஆறும் எடுத்துக்கொள்ளப்பட்டன. நாளைக்கும் வரச் சொன்னார்கள்.