சிவப்பு மை படாத முப்பத்தோராம் பக்கம்

டெய்லரக்கா நோட்டில் எந்தக் கணக்கைத் தப்பாகப் போடுகிறாளோ அது அப்படியே நடந்துவிடும். சரியாகப் போட்டால் ஒன்றும் நடக்காது, எல்லாருக்கும் போல விடை மட்டும் வரும். நாற்பத்து மூன்று வயதில் எலெக்ட்ரீஷியன் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த நான்காம் நாள், காலை பத்தே முக்காலுக்கு இது தெரியவந்தது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இருநூற்று முப்பது வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது கேள்வி. வகுத்திருந்தால் நாலரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். அவள் பெருக்கினாள். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் இழுத்தாள். அந்த வட்டாரத்தில் அவ்வளவு மின்சாரம் கிடையாது என்பதால் வந்து சேரக் கொஞ்சம் நேரமானது. முதலில் தெருவில் கரண்ட் போனது, பிறகு ரயில் நிலையத்தில், பிறகு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இரண்டு ஊர்களில். வந்த மின்சாரமெல்லாம் செய்முறைக் கூடத்து மேசைமேல் இருந்த பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் ஒழுங்காக வரிசையில் நின்று புகுந்தது. பெட்டி மேசையைத் துளைத்து, தரையைத் துளைத்து, கீழ்த்தளத்து வெல்டிங் வகுப்பில் போய் இறங்கியது. அங்கிருந்தவர்கள் ஏதோ இன்றைய பாடம் என்று நினைத்துக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். பயிற்றுநர் ஓடிவந்து சிவப்புப் பேனாவால் விடையை அடித்த பிறகுதான் மின்சாரம் வந்த வழியே திரும்பிப் போனது. ஓட்டைகள் இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் ஸ்பேனர் கேட்பது அவற்றின் வழியாகத்தான்.

அவள் படிக்கப் போனது ஆசையால் அல்ல. அவள் புருஷன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் ஸ்டீயரிங் மேலேயே மயங்கிச் சாய்ந்தார், இதயத்துக்குத் துணையாக நெஞ்சில் ஒரு பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். அதோடு அவருடைய கனரக லைசென்ஸும் போனது. பாட்டரி எட்டு வருஷம் வரும் என்று டாக்டர் சொன்னார். எட்டாவது வருஷம் மறுபடி திறக்க வேண்டும் என்பதையும், முதல் தடவையே உடம்பு பாதி வழியில் நின்று நின்றுதான் திரும்பியது என்பதையும், இரண்டாம் தடவை வண்டி நகருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் டிரைவர் பாஷையிலேயே சொன்னார். அவளுடைய தையல் கடையோ ரெடிமேட் துணி வந்த நாளிலிருந்து பேண்ட் உயரம் குறைக்கும் கடையாகச் சுருங்கிவிட்டிருந்தது. தெருவில் எலெக்ட்ரீஷியன் இல்லை. எனவே டிரைவர் சமையலை எடுத்துக்கொண்டார், அவள் டெஸ்டரை எடுத்துக்கொண்டாள். அதுவரை அவள் தாளில் கணக்குப் போட்டதே இல்லை. நாலில் ஒரு பங்கு வேண்டுமென்றால் டேப்பை இரண்டு தடவை மடிப்பாள். அதனால் தன் தப்புக் கணக்குகள் எவ்வளவு கீழ்ப்படிதல் உள்ளவை என்று தெரியாமலேயே முப்பது வருஷம் ஓட்டியிருந்தாள்.

அடுத்து வந்த மாதங்களில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒயரின் கனம் இரண்டரை என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டு இருபத்தைந்து என்று எழுதியதில், அலமாரியில் சுருட்டி வைத்திருந்த ஒயர் மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கி, கதவைத் திறந்துகொண்டு வராந்தா வரை வந்தது. இருநூற்று முப்பது வோல்ட் லைனில் மூன்று வோல்ட் இழப்பு என்பதை முந்நூறு என்று எழுதிக் கழித்ததில், மைனஸ் எழுபது வோல்ட் கிடைத்தது. அன்று மத்தியானம் சுவிட்சைப் போட்டதும் வகுப்பறை பல்பு இருட்டைப் பரப்பியது. நல்ல கெட்டியான, கை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு. பக்கத்து வகுப்புகளிலிருந்து சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கினார்கள். அந்த பல்பை அப்படியே விட்டுவைக்கச் சொல்லி ஒரு மனுவில் கையெழுத்துகூட வாங்கினார்கள். பயிற்றுநர் தடவித் தடவி நோட்டைக் கண்டுபிடித்து, உத்தேசமாக ஓர் இடத்தில் சிவப்புக் கோடு கிழித்தார். முதல் மூன்று தடவை பக்கத்தில் இருந்தவர் சட்டையில் விழுந்தது. செய்தி தெருவுக்கு வந்ததும் மாடி வீட்டுக்காரர் எடை மெஷினும் கையுமாக வந்து, "அக்கா, நூத்திப் பத்துன்னு காட்டுது. ஒரு எழுபதுன்னு எழுதிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எழுதிக் கொடுத்தாள். ஒரு கிராமும் குறையவில்லை. தெரிந்தே எழுதினால் பலிக்காது, மனதார நம்பிப் போட்ட தப்புதான் பலிக்கும் என்று அதிலிருந்து எல்லாருக்கும் புரிந்தது. மாடி வீட்டுக்காரர் மட்டும் அவள் கையெழுத்து சரியில்லை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சி நிலைய முதல்வர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு கணக்கு பலித்தால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதை எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவு முன்ஜாக்கிரதை.

பயிற்றுநருக்கு இருபத்தேழு வயது. பஸ் நிலையத்து நேரப் பலகையில் தப்பு இருந்தால்கூட ஏறி நின்று சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இதில் பஸ்ஸை விட்ட நாட்களும் உண்டு. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேண்ட் தைக்கக் கடைக்கு வந்தார். அக்கா அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "முப்பத்திரண்டு, நீளம் நாப்பது" என்றாள். டேப்பு கழுத்தில்தான் தொங்கியது, கையால்கூடத் தொடவில்லை. அவர் அளந்து பார்க்கச் சொன்னார். முப்பத்திரண்டு, நாற்பது.

"எப்படிக்கா?"

"ஆளப் பாத்தா தெரியாதா சார்? இந்த இடுப்புக்கு அறுபதுன்னு யாராவது சொன்னா சிரிக்க மாட்டீங்களா?"

"அப்ப அந்த இஸ்திரிப் பெட்டிய ஏன் பாக்கல?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாலாம் நாளிலிருந்து அன்றுவரை அந்த இஸ்திரிப் பெட்டிக்கு என்ன இடுப்பு என்று அவள் ஒருமுறையும் யோசித்ததில்லை. அன்று முதல் அவள் கேள்வியைப் படித்ததும் பேனாவைத் தொட மாட்டாள். முதலில் அந்தச் சாமானை நடுவில் நிறுத்திச் சுற்றிவந்து பார்ப்பாள். மோட்டாரா, நல்ல திடமான ஆள், ஏழெட்டு ஆம்பியர் போடலாம். இரவு விளக்கா, எலும்பும் தோலும், அரைக்கால் போதும். அதன் பிறகு கணக்குப் போடுவாள். விடை அந்த உடம்புக்குச் சேரவில்லை என்றால் தையலைப் பிரித்து மறுபடி போடுவாள். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் இடம் மாற்றிப் போடும் சூத்திரம்தான் அவளை அதிகம் அழ வைத்தது. அதையும் ஒருநாள் சட்டையை உள்பக்கம் வெளியே வருகிறமாதிரி புரட்டுவது என்று பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் சட்டை அதேதான், தையல் மட்டும் வெளியே தெரியும். இதற்கெல்லாம் பதினாலு மாதம் பிடித்தது. இடையில் இரண்டு தடவை டிரைவர் வைத்திருந்த சோற்றுப் பானை தானாகக் கொதித்தது, ஒரு தடவை கொதிக்க மறுத்தது. பிறகு எதுவும் நடப்பது நின்றது. வகுப்பில் கொஞ்சம் சுவாரஸ்யம் குறைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முன் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க வேண்டும். நூறு பக்கம், ஒவ்வொன்றிலும் அச்சடித்த எண், ஒவ்வொன்றிலும் பயிற்றுநரின் திருத்தமும் கையெழுத்தும். ஒரு பக்கம் குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்தபோதுதான் அக்கா முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தாள். பாட்டரிப் பாடத்துக்கு மாணவரே ஒரு கணக்கை உண்டாக்கிப் போட வேண்டும் என்று சொன்ன வாரம் அது. பயிற்றுநர் பொன்னுக்கு வீங்கி வந்து லீவில் இருந்தார், அந்தப் பக்கம் திருத்தாமலே விட்டுப்போயிருந்தது. அவளுக்கு அப்போது தெரிந்த ஒரே பாட்டரி வீட்டுக்காரர் நெஞ்சில் இருந்தது. பேஸ்மேக்கரோடு கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். பாட்டரியில் உள்ள மின்சாரம் பதினாலு லட்சம், மணிக்குச் செலவு இருபது. எழுபதாயிரம் மணி நேரம் வரவேண்டும், அதாவது எட்டு வருஷம். இருபதில் இருந்த பூஜ்யத்தை அவள் வகுக்கும்போது விட்டுவிட்டாள். ஏழு லட்சம் மணி நேரம், எண்பது வருஷம் என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். மனதார நம்பி.

அதாவது அந்த எண்பது வருஷம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்துச் சிவப்பு மை பட்டால் நின்றுவிடும்.

டிரைவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நோட்டக் குடு, பாஸ் பண்ணு. எட்டுன்னு சொல்லித்தான மாட்டுனாங்க, ஏமாத்துனாங்களா என்ன?"

"அதுல ரெண்டு போயிடுச்சுங்க."

"மிச்சம் ஆறு இருக்கே. ஆறு வருஷம் என் சாம்பார நானே வச்சுக் குடிக்கணும்னா அதுவே ஜாஸ்தி."

"வாய மூடுங்க" என்றாள். வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டைக் கொடுக்காமல் இருந்துவிடலாம், மறுபடி பேண்ட் உயரம் குறைக்கலாம் என்று தோன்றியது. நல்ல பேனாவால் தானே அதைச் சரி என்று டிக் செய்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மாடி வீட்டுக்காரர் இன்னும் நூற்றுப் பத்துதான் இருந்தார். அப்படி உட்கார்ந்திருந்தபோது, கை சும்மா இருக்காமல் அந்தக் கணக்கைச் சட்டைபோல் புரட்டிப் பார்த்தது. எண்பது வருஷம் நடந்துகொண்டிருப்பது உண்மை. பாட்டரியில் உள்ளது பதினாலு லட்சம் என்பதும் உண்மை. அப்படியானால் மணிக்குச் செலவு எவ்வளவாக இருக்க வேண்டும்? வகுத்தாள். இரண்டு. மறுபடி வகுத்தாள். இரண்டு. அவள் எழுந்து செருப்பைப் போட்டாள். "கெளம்புங்க. ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள போகணும்."

டாக்டர் டிரைவரின் நெஞ்சில் கருவியை வைத்துப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்தார். மாட்டிய புதிதில் ஒவ்வொரு துடிப்பையும் இயந்திரம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது பத்துக்கு ஒன்றுதான் கொடுக்கிறது, ஒன்பதை இதயம் தானே பார்த்துக்கொள்கிறது என்றார். செலவு எவ்வளவு என்று அக்கா கேட்டாள். "ரெண்டும்மா. இருபது இருந்தது. எப்பலேருந்து இப்படின்னு தெரியல." அக்காவுக்குத் தேதி தெரியும், முப்பத்தோராம் பக்கத்தின் மேல் மூலையில் எழுதியிருந்தது. விடை முன்னால் வந்துவிட்டது, இதயம் அதற்கேற்றபடி தன்னை ஆல்ட்டர் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி அந்தப் பக்கத்தில் ஒட்டினாள். புத்தகத்தில் உள்ள அளவு இருபது, அளந்து பார்த்த அளவு இரண்டு என்று கீழே ஒரு வரி சேர்த்தாள்.

திங்கட்கிழமை டிரைவரும் கூடவே வந்து வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பயிற்றுநர் முப்பதாம் பக்கம் வரை கையெழுத்துப் போட்டுவிட்டு, முப்பத்தொன்றில் நின்றார். எண்பது என்பதைப் பார்த்ததும் பேனா தானாக இறங்கியது. தாளுக்கு ஒரு நூல் உயரத்தில் நிறுத்திக்கொண்டார். வெளியே டிரைவர் இருமினார். உள்ளே அக்கா கழுத்தில் இல்லாத டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த பாட்டரிக்கா எண்பது வருஷம் வருது? இடுப்பைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இடுப்பு எளைச்சிருச்சு. கீழ சீட்டு இருக்கு பாருங்க."

அவர் சீட்டைப் படித்தார். தனித் தாளில் தானே ஒருமுறை வகுத்தார், பிறகு கால்குலேட்டரில் ஒருமுறை. சலுகை காட்டுகிற ஆள் இல்லை அவர். கணக்கு சரியாக இருந்தது. எனவே சிவப்பு மையால் ஒரு டிக் போட்டு, கையெழுத்திட்டு, பக்கத்தைத் திருப்பினார். டிரைவர் வெளியே ஒரு கொட்டாவி விட்டார். பரீட்சையில் அவளுக்கு எழுபத்தொன்று கிடைத்தது.

அதெல்லாம் நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. தெருவில் பாதி வீடுகளின் ஒயரிங் டெய்லரக்கா செய்தது, மடிப்புக் கலையாமல் சுவரோடு படிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் வந்த புதிதில் டிரைவரை இரண்டு தடவை வரச் சொல்வார்கள், அப்புறம் பழகிவிடும். "பாட்டரி இருக்கும்மா, நான் இருக்கணுமே" என்று அவர் அவளிடம் அலுத்துக்கொள்வதும் உண்டு. போன மாதம் அந்தக் கருவியைச் செய்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எட்டு வருஷத்துக்கென்று செய்த சாமான் இன்னும் ஓடுவதால் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது, திருப்பி அனுப்பினால் புதிதாக ஒன்று தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒரு கார்டு எடுத்து, தற்போது உபயோகத்தில் இருக்கிறது, இன்னும் ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்று எழுதி நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தாள். எண்பதில் போனது இருபத்தொன்பது என்று விரல்விட்டு எண்ணி, சிவப்புப் பேனாவால் ஐம்பத்து மூன்றை அடித்து ஐம்பத்தொன்று என்று திருத்தி, தபாலில் போட்டாள்.