ஒரே ஒரு பொத்தான்

இணையதளம் வடிவமைப்பதுதான் அவனுக்குச் சோறு போடும் தொழில். அலுவலகத்தில் வாயைத் திறந்தால் ஒரே பாட்டு: "பொத்தான் எங்கன்னு தெரியலைன்னா, அது பாக்குறவங்க தப்பில்ல, நம்ம தப்பு." கூட வேலை செய்பவர்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

தனியாக இருக்கும் அப்பாவுக்கென்றே அவன் ஓர் இணையப் பக்கம் செய்து டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருந்தான். மருந்து வரவழைக்கலாம், செய்தி படிக்கலாம், மகனையும் மகளையும் வீடியோவில் கூப்பிடலாம். அப்பா முதலில் ஜமாய்த்தார். பிறகு மருந்துக்குப் பதில் செய்தியைத் திறந்துவிட்டு, "எங்கடா மாத்திரை?" என்று கத்த ஆரம்பித்தார்.

"உன் டிசைன்ல ஒரு கோளாறும் இல்லடா தம்பி. அப்பாவுக்குத்தான் மறதி. டாக்டர்கிட்ட காட்டலாம்," என்றாள் அக்கா போனில்.

"எழுத்து சின்னதா இருக்கு, அவ்வளவுதான். நீ சும்மா இரு," என்று அவள் வாயை அடைத்தான்.

எழுத்தைப் பெரிதாக்கினான். திரை மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொட்டால் பட்டியல் வரும் என்று எந்த மகராசன் அப்பாவுக்குச் சொன்னான்? அதை எடுத்தான். செய்தியைத் தூக்கினான். மருந்து வாங்கும் வேலையை அக்கா தலையில் கட்டினான். அப்பா கொஞ்ச நாள் தேறுவார், மறுபடி தடுமாறுவார். இணையப் பக்கத்தில் பிழை என்றால் திருத்திவிடலாம், அது அவனுக்குக் கைவந்த கலை. அப்பாவிடம் என்றால் அவன் என்ன செய்வான்? அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

கடைசியில் திரை முழுக்க அவன் சிரிக்கும் படமும் கீழே ஒரு வரியும் மட்டும் மிஞ்சின. தொட்டால் அவனுக்கு அழைப்பு போகும்.

அதை டேப்லெட்டில் போட்டுக் கொடுக்க ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அப்பா, "வாங்க, வாங்க," என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

தொழிலில் ஒரு முறை உண்டு. சோதிக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், உதவி செய்யக் கூடாது. "உங்க பையனைக் கூப்பிடுங்க, பாப்போம்," என்று சொல்லிவிட்டு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"படத்தைத் தொட்டால் பேசலாம்," என்று அப்பா தங்குதடையில்லாமல் வாசித்தார். விரல் நேராகப் படத்துக்குப் போய், தொடாமல் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து தெரிகிறது, எதைத் தொட வேண்டும் என்றும் தெரிகிறது. பக்கத்தில் பிழையே இல்லை.

அப்பா திரும்பி டேப்லெட்டை நீட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இது யாரோ தெரியாத பையன். தொட்டா அவருக்குப் போயிடும்ல? பாவம், வேலையா இருப்பாரு. என் பையன் படத்தைப் போட்டுக் குடுங்க, கூப்பிடறேன்."

அவன் அவர் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதான்.

அப்பா பதறிப்போய் அவன் தோளைத் தட்டினார். "அட, அழாதீங்க தம்பி. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."