அக்காவின் லாபம், பஞ்சுவின் வரி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்பதால் வந்த பெயர். அந்தப் பஞ்சு அன்றைக்குக் காலையில் ஒரே ஆளை மூன்று தடவை குத்தினாள். மூன்றாவது குத்தில் அந்த மனிதர், "ஏம்மா, கிணறா வெட்டறே?" என்று கேட்டே விட்டார். பக்கத்து மேஜைக்காரி எழுந்து வந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

காரணம் கைபேசியில் இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது வரித்துறையிலிருந்து வந்த செய்தி. போன வருடம் உங்கள் பெயரில் நானூற்றுப் பன்னிரண்டு பங்கு விற்பனைகள் நடந்துள்ளன, மாதக் கடைசிக்குள் கணக்குக் காட்டவும் என்று நாலே வரி.

நானூற்றுப் பன்னிரண்டா? அவளுக்கே திக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இருக்கும்தான். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒருமுறை ஓடி நிற்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் கைபேசியை எடுத்து ஒன்றை விற்பாள், இன்னொன்றை வாங்குவாள். போன வருடம் எதைத் தொட்டாலும் ஏறியது. தனக்கு இப்படி ஒரு மூளை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்ட நாளெல்லாம் உண்டு.

அந்த மிதப்பில்தான் நாத்தனாரின் பணத்தையும் வாங்கிப் போட்டாள். புருஷனுக்கு மூத்தவள், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் வராது, உன் பேர்லயே போட்டுக் கொடு" என்று நீட்டினாள். எட்டே மாதத்தில் பஞ்சு அதை இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுத் தம்பி பெண்டாட்டியின் புகழ் பாடினாள்.

புது வரி வருடம் பிறந்து மூன்றாம் மாதம் சந்தை சரிந்தது. பஞ்சு சம்பாதித்ததெல்லாம் கரைந்து, போட்ட முதலிலும் பாதிதான் மிச்சம். கையில் ஒன்றுமே நிற்கவில்லை, இதற்கு எங்கிருந்து வரி என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் இருந்தாள். இப்போது அந்தத் தைரியம் காலை எட்டு மணியோடு போய்விட்டது.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு ஆடிட்டரைப் பார்க்க ஓடினாள். அவர் அறையில் நாற்காலிகளில்கூடக் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு கட்டைத் தூக்கிக் கீழே வைத்து அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பணத்தை வெளியில எடுக்கவே இல்லை, உள்ளேயே திருப்பித் திருப்பிப் போட்டேன், அதுக்கு ஏன் வரின்னுதானே கேக்கப் போறீங்க?"

"ஆமா சார்."

"காலையிலேருந்து நீங்க ஆறாவது ஆள். வித்த நிமிஷமே லாபம் லாபம்தான்மா. அதை வெச்சு நீங்க வேற பங்கு வாங்கினீங்களா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களான்னு யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்ப, இந்த வருஷம் இவ்வளவு நஷ்டமாச்சே? அதைக் கழிச்சுக்க முடியாதா?"

"நஷ்டத்தை முன்னாடி கொண்டுபோகலாம். இனிமே வர்ற லாபத்துல கழிக்கலாம். போன வருஷத்துக்குப் பின்னாடி தள்ள முடியாது."

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. நாற்காலி நுனிக்கு வந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"சார், அதுல பாதி என் நாத்தனார் பணம். லாபத்தோட அப்பவே கொடுத்துட்டேன்."

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுத்துல ஏதாவது இருக்கா?"

"சொந்தத்துக்குள்ள யார் சார் எழுதி வாங்குவாங்க?"

"அப்ப உங்க பேர்ல வித்தது உங்க கணக்குதான். முழுசும்."

மொத்த வரி அவளுடைய நான்கு மாதச் சம்பளம். அதில் சரிபாதி நாத்தனாரின் லாபத்துக்கு உண்டானது.

லிஃப்ட் பழுது பார்க்கும் புருஷன் சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து எல்லாவற்றையும் கேட்டான். "அக்காகிட்ட நான் வாய் திறக்க மாட்டேன். வாங்கிப் போட்டது நீ, கேக்க வேண்டியதும் நீ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அன்றைக்கும் மறுநாளும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு அறைக்குள் எதையோ எடுக்கப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். நாத்தனார் எண்ணை அழுத்துவாள், மணி அடிக்குமுன் வைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் நேராகப் பயிற்சிப் பள்ளிக்கே போய்விட்டாள். நாத்தனார் அப்போதுதான் ஒரு மாணவரோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். மாணவர் என்றால் ஐம்பது வயது மனிதர், ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே வேர்த்திருந்தது.

"பேசணும் அக்கா."

"பின்னாடி ஏறு, போயிட்டே பேசலாம்."

கார் இரண்டு தெரு தாண்டியது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவள் முடித்தபோது நாத்தனார் தன் பக்கத்து பிரேக்கை அழுத்த, கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலையே மேடம்" என்றார் மாணவர்.

"நீங்க இல்ல சார். வண்டியை எடுங்க." திரும்பிப் பார்க்காமலே பஞ்சுவிடம் சொன்னாள்: "அந்தப் பணத்துலதான் இந்த வண்டியை வாங்கினேன். இப்ப எந்தச் சக்கரத்தைக் கழட்டித் தரட்டும்?"

"வரி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதவ எதுக்கு அடுத்தவ பணத்துல கை வெச்சே?"

அதற்குள் மாணவர் மெதுவாக வாயைத் திறந்தார். "மேடம், நானும் கொஞ்சம் பங்கு வாங்கி வெச்சிருக்கேன். விக்கவே இல்ல. ஏறியிருக்கு. எனக்கும் வரி வருமா?"

"நீங்க ரோட்டைப் பாருங்க சார்!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். கார் அணைந்து போயிற்று.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. இறங்கும்போது, "சனிக்கிழமை அந்த ஆடிட்டர்கிட்ட வரேன். அவர் வாயால கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். ஒரு மணி நேரம் அவரைக் குடைந்தாள். எந்தத் தேதியில் விற்றது, எத்தனை பங்கு, கமிஷன் கழித்தாயிற்றா, வரியில் தன் லாபத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பள்ளியின் ரசீதுப் புத்தகத்தின் பின்அட்டையில் எழுதிக்கொண்டாள். முடிவில் தன் லாபத்துக்கான வரியில் பாதியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். மீதி இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னாள். பிறகு ரசீது ஒன்றைக் கிழித்து, மாணவர் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதி, பஞ்சுவிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடு."

"என்கிட்டயா அக்கா ரசீது?"

"போன தடவை எழுதாமக் கொடுத்தேன் பாரு."

பஞ்சு கையெழுத்துப் போட்டாள். இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

திங்கட்கிழமை மிச்சமிருந்த பங்குகளை நஷ்டத்துக்கு விற்றாள். குறைந்த பணத்துக்குப் புருஷன் தன் சேமிப்பைக் கொடுத்தான். புதன்கிழமை பணம் கணக்குக்கு வந்ததும் முழு வரியையும் கட்டி, கட்டிய சான்றைப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "சரி."

அந்த ஒற்றைச் சொல்லை எத்தனை தடவை படித்தாளோ. கோபச் சரியா, வேலை அவசரத்துச் சரியா? பொறுக்க முடியாமல் கூப்பிட்டாள்.

"அக்கா, கோபமா?"

"கிளாஸ்ல இருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வா."

போனாள். கோபம்தான். நாத்தனார் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தேனே, வரி உண்டா என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாயா, உன் பவுசு உனக்குப் பெரிதாகப் போயிற்றா என்று விட்டுவிட்டு ஒரு மணி நேரம் திட்டினாள். எல்லாம் ஓய்ந்து நாத்தனார் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் பஞ்சு, ஒன்பது நாளில் முதல் தடவையாக, உட்கார்ந்த இடத்தில் முதுகைச் சாய்த்தாள்.