ஒன்றரைக் கண்

கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் அந்த மருந்துக்கடையை நடத்துகிறார்கள். சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துத் தட்டில் வைப்பது அவள். தட்டைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பது அவர். "எங்க கடையில நாலு கண்ணு பாக்காம ஒரு மாத்திரை வெளிய போகாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பெருமையில்தான் போன மாதம் மண் விழுந்தது. ஐந்து மில்லிகிராம் கேட்டவருக்குப் பத்து போய்விட்டது. நல்லவேளை, அவர் விழுங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டார். மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா நேரே இறங்கி வந்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் பேஷண்ட் யாரையும் இங்க அனுப்ப மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அவர் சீட்டு வராவிட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அவள் அலறியடித்துக்கொண்டு தங்கையை வரவழைத்தாள். தங்கையின் உத்தியோகமே இதுதான். ஆஸ்பத்திரி, மருந்து கொடுக்கும் இடம் எதுவானாலும் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மைக் கடையாகக் கட்டி ஓடவிட்டு, எங்கே தாமதமாகிறது, எங்கே தப்பு நுழைகிறது என்று கண்டுபிடிப்பாள். கடை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சில நாள் வேடிக்கை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"அக்கா, நாள் பூரா போறது பிரஷர் மாத்திரை. அத எதுக்கு ஏணி போட்டு ஏறுற உயரத்துல வெச்சிருக்க? கீழ இறக்கு."

இறக்கினார்கள். வாசல்வரை நின்ற வரிசை பாதியாகச் சுருங்கியது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு. நாலு கண்ணுன்னு சொல்ற. என் கணக்குல ஒண்ணரைக் கண்ணுதான் தேறுது."

"என்னடி உளர்ற?"

"மாமா பாத்துக்குவாருன்னு நீ எடுக்கிற. நீ எடுத்தா சரியாத்தான் இருக்கும்னு மாமா பாக்குறாரு. மொத்தத்துல யாருமே ஒழுங்கா பாக்கல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ மீசைக்குள் சிரித்தபடி, "பெண்டாட்டிய நம்புறது ஒரு குத்தமா?" என்றார்.

"வீட்டுல நம்புங்க மாமா. கடையில சந்தேகப்படுங்க."

அதற்குத் தங்கை சொன்ன வைத்தியம் கொஞ்சம் விசித்திரமானது. அக்கா அவ்வப்போது வேண்டுமென்றே தப்பான மருந்தின் காலிப் பெட்டி ஒன்றைத் தட்டில் வைக்க வேண்டும். அடியில் பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். மாமா அதைப் பிடிக்க வேண்டும். கோட்டை விட்டால், வாடிக்கையாளர் கைக்குப் போவதற்குள் அக்காவே எடுத்துவிடுவாள். பந்தயத்தைச் சேர்த்துக்கொண்டது இவர்கள்: பிடித்தால் அன்று பாத்திரம் தேய்ப்பது அவள், விட்டால் அவர்.

முதல் வாரம் முழுக்க அவர்தான் தேய்த்தார். ஊறிப்போன விரல்களைப் பார்த்து அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம் ஐயா ஒவ்வொரு தட்டையும் திருடனைப் பார்ப்பது போல முறைக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் டாக்டரம்மாவே தன் அப்பாவுக்கு மருந்து வாங்க வந்தார். அவள் மளமளவென்று எடுத்துத் தட்டில் வைத்தாள். புருஷன் தட்டைப் பார்த்தார். குதித்தே விட்டார்.

"மாட்டுனியா! அஞ்சுக்குப் பத்து! இன்னிக்குப் பாத்திரம் நீதான்!"

டாக்டரம்மாவின் முகம் கறுத்தது. "என்ன விளையாட்டு இது?"

அன்று அவள் பொட்டு ஒட்டிய பெட்டி எதையும் வைக்கவில்லை. புருஷன் பெட்டியைத் திருப்பினார். அடியில் பொட்டு இல்லை. அவருடைய கட்டைவிரல் மெல்ல நகர்ந்து அந்த வெற்றிடத்தை மூடியது.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. என்னைச் சோதிக்க இவ வேணும்னே வெக்கிறது" என்றார்.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு மோசமாக அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. எல்லாம் அவளுக்காக. தலையை ஆட்டினால் போதும், கடை பிழைத்துவிடும். ஆனால் அவள் அந்த விரலைப் பிடித்து விலக்கினாள்.

"இல்லீங்க. இன்னிக்கு நான் எதையும் வெக்கல. நிஜமாவே தப்பா எடுத்துட்டேன். இவர்தான் பிடிச்சாரு." பச்சைப் பொட்டு, பாத்திரம், ஒன்றரைக் கண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்போ எத்தனை கண்ணு?"

"நாலு முழுசா தேறும்" என்றார் அவர். "என் கண்ணாடியையும் சேத்தா ஆறு."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சரியானத எடுத்துக் குடுங்க. சீட்டெல்லாம் இங்கதான் வரும். அப்புறம், உங்க தங்கச்சிய ஒரு நாள் மாடிக்கு அனுப்புங்க. என் நர்சுங்களும் ரெண்டு ரெண்டு பேராத்தான் பாக்குறாங்க."

அன்று பாத்திரம் தேய்த்தது அவள்தான். பந்தயம் பந்தயம்தானே. அவர் பக்கத்தில் துணியோடு நின்று ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார். ஒரு கிண்ணத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இதுல ஒட்டியிருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் கிண்ணம் பறந்திருக்கும். இன்று அவள் அதை வாங்கி மறுபடி தேய்த்தாள்.