காயாத படம்

செத்தவீட்டுக்கு வெள்ளைத் துணி கட்ட வந்த சலவைக் கட்டாடி, ஸ்டூலில் நின்றபடியே யன்னலோரம் இருந்த படத்தைக் காட்டி, அதை அப்புறப்படுத்தினால்தான் துணியைச் சுவர்வரை இழுக்கலாம் என்றான். பாக்கியரத்தினம் உடனே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அதைத் தூக்கப் போனார்.

"தொடாதேங்கோ பெரியத்தான். காயேல்லை."

தம்பியின் மனைவி புஷ்பவதி பிரேதத்தின் அருகில் இருந்து சொன்னாள். விடிந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"எப்ப காயும்?"

"எண்ணெய்ச் சாயம். ஒரு கிழமை செல்லும்."

முதல்நாள் அந்தப் படத்தின் முன்னால் தூரிகையோடு நின்ற தம்பி குணரத்தினம் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டான். இதயம் என்றார் டொக்டர். துறைமுகத்தில் வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் வரைபட அறையில் வேலை பார்த்தவன். அவர்கள் கப்பலேறியபோது ஓர் அதிகாரி விட்டுப்போன சாயப்பெட்டியோடு வீட்டில் இருந்துவிட்டான். யாரும் கேட்டால், கொழும்புக் கம்பனிக்குக் கட்டடப் படம் கீறுகிறான் என்று பாக்கியரத்தினம் சொல்லிவந்தார். அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவரின் சொல்லை ஊர் சந்தேகிக்கவில்லை. இன்று தம்பலகாமத்துச் சொந்தம் முழுக்க வரும். செத்தவீட்டில் இது நின்றால் குடும்பத்தின் பெயர் என்னாவது?

துணியால் மூடச் சொன்னார். மூடினால் ஒட்டிக்கொள்ளும் என்றாள் புஷ்பவதி. அறைக்குக் கொண்டுபோகலாமென்றால், இடையிலே பெண்கள் நெருங்கியிருந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒரு சேலை உரசினால் போதும், சாயம் கலைந்துவிடும். கட்டாடி அந்தப் பக்கத் துணியைப் படத்துக்கு மேலாக உயர்த்திக் கட்டினான்.

பாக்கியரத்தினம் வாசல் படலைக்குப் போனார், வந்தார், சால்வையை உதறிப் போட்டார், மறுபடி போனார். பறை காதுக்குள் அடித்தது. ஒருமுறை திரும்பி வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். புதிதாகக் கட்டிய வெள்ளையில் கடல் வெளிச்சம் பட்டுப் படத்தின்மேல் தெறித்திருந்தது. கிட்டத்தில் வெறும் திட்டுத் திட்டாகத் தெரிந்த சாயம், அங்கிருந்து ஒரு பீங்கான் கோப்பையாகவும் மாம்பழங்களாகவும், கழுவிய ஈரத்தோடு ஒரு குவியல் சிவந்த ஜம்புப் பழங்களாகவும் இருந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

பின்னேரம் தம்பலகாமத்தின் ஊர்த் தலைமைக்காரர், விதானையார் இரத்தினசிங்கம் வந்தார். பெரியம்மாவின் மகன். அவர் வாயில் விழுந்தது நாளைக்கு ஊர் முழுக்கப் பரவும். பிரேதத்தைக் கும்பிட்டுவிட்டு, படத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"என்ன பாக்கியண்ணை, தம்பியார் சின்னப்பிள்ளையள் மாதிரிச் சாயம் அப்பி விளையாடினவரோ? கீழை நீலமெல்லாம் ஊத்துப்பட்டுக் கிடக்கு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். புஷ்பவதி தலை குனிந்துகொண்டாள். பாக்கியரத்தினத்தின் முதுகு நிமிர்ந்தது.

"அது ஊத்துப்பட்டதில்லை. நிழல்."

"நிழல் நீலமோ?"

"எங்கடை வீட்டுப் படத்தை மூக்காலை பாக்கிறேல்லை, விதானையார். இஞ்சை வாருங்கோ."

மணிக்கட்டைப் பிடித்து வாசற்படிக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். விதானையாரின் வாய்க்குள் வெற்றிலை அசையாமல் நின்றது.

"கம்பனிக்குக் கீறினவர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"இல்லை. இதுதான் அவன்ரை வேலை."

விதானையார் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜம்பு நன்றாகத்தான் பழுத்திருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

பாடை தூக்கும் நேரம் வந்தது. கடைசியாக முகம் பார்க்கச் சனம் அந்தச் சின்னக் கூடத்துக்குள் முட்டிக்கொண்டு வந்தது. பாக்கியரத்தினம் படத்துக்கு முன்னால் போய், சனத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் யன்னல் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பெரியவர், முகத்தை மூடப்போறம். வந்து பாருங்கோ," என்று பாடைக்கு அருகில் நின்ற ஒருவர் கூப்பிட்டார்.

"நான் பாத்திட்டன்," என்றார், திரும்பாமல்.

தோள்களும் முழங்கைகளும் முதுகில் இடித்தன. பெண்களின் குரல் உயர்ந்தது. பறை தெருவில் இறங்கியது. அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், மாம்பழத்தின் மஞ்சளுக்குள் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதை எடுக்க ஒரு கையைத் தூக்கினார். பிறகு எடுக்காமலே அந்தக் கையை மறுபடி நிலையில் ஊன்றிக்கொண்டார்.