நாற்பத்திரண்டு நொடி

முத்துச்செல்விக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலை ஒரகடத்தில், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் அசெம்பிளி லைனில். தங்கல் படப்பையில், ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். அந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் செஸ் காய்களை நகர்த்தத் தெரிந்தவர்கள் நூறு பேராவது தேறுவார்கள். அவர்களில் உண்மையாகவே ஆடக்கூடியவர்கள் யார் என்று சலித்துப் பார்த்தால் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். ஒருத்தி முத்துச்செல்வி. மற்றவர் ஸ்ரீதர்.

ஸ்ரீதர் வல்லம் வடகால்காரர், நாற்பத்து மூன்று வயது. அவர்கள் வயலை ஒட்டி எழும்பிய தொழிற்சாலையிலேயே மெயின்டனன்ஸ் பார்க்கிறார். நேருக்கு நேர் போட்டிகளில் ஆடிச் சேர்த்த ரேட்டிங் அவருக்கு 1886, அவளுக்கு 1742. செல்போன் ஆட்டத்திலோ அவளுக்கு 2100. அவர் செல்போனில் ஆடுவதே இல்லை. இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று கம்பெனி பஸ்களில் சண்டையே நடக்கும். சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. அதனால் என்ன, கிரிக்கெட் பேசுகிறவர்கள் எல்லோரும் மட்டை பிடித்தவர்களா?

"ஆன்லைன் ரேட்டிங்கு குடோன்ல கீற சரக்கு மாதிரிம்மா. லாரில ஏத்தி எடைமேடைல நிறுத்துனாத்தான் வெயிட்டு தெரியும்" என்பார் ஸ்ரீதர். அதோடு விடமாட்டார். "இருவத்தஞ்சு வயசுக்கு மேல செஸ்ஸு ஏறாது. என்னையே எடுத்துக்கோ. இருவத்திரண்டு வயசுல ஆயிரத்து எண்ணூத்தி எழுவது. இப்ப ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தாறு. இருவது வருசத்துல பதினாறு பாயின்ட்டு. வூட்டு வாடகை இதவிட வேகமா ஏறுது."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். முத்துச்செல்விக்குத்தான் வயிறு எரியும். ஏனென்றால் அவளுடைய ரேட்டிங்கும் மூன்று வருஷமாக அம்மிக்கல் மாதிரி அசையாமல் கிடந்தது. 1739, 1745, 1741, 1742. அவளும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தொடக்க ஆட்ட வீடியோ, சாப்பாட்டு இடைவேளையில் முப்பது புதிர், ஹாஸ்டலில் துணி காயும் நேரத்தில் ஐந்து நிமிட ஆட்டம். ஸ்ரீதரோடு மட்டும் பதினோரு தடவை ஆடியிருக்கிறாள். ஒன்பது தோல்வி, இரண்டு டிரா. கொடுமை என்னவென்றால், அதில் ஏழு ஆட்டத்தில் பாதி வரைக்கும் அவள் கைதான் ஓங்கியிருந்தது. வயதுதான் காரணமோ, இனிமேல் இவ்வளவுதானோ என்று தினம் ஒரு தடவையாவது அவளுக்குத் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூர்ப் போட்டி வந்து சேர்ந்தது. மாநிலத்துத் தொழிலாளர் அணிகள் எல்லாம் மோதும் போட்டி. அணிக்கு நான்கு பேர். முதல் போர்டில் உட்காருகிறவருக்கு எதிரே ஒவ்வொரு அணியின் ஆகப் பெரிய புள்ளிதான் வந்து உட்காருவார். ஐந்து நாள், ஐந்து பெரிய புள்ளிகள்! அடி வாங்கினாலும் அப்படிப்பட்ட கையால் வாங்க வேண்டும் என்று முத்துச்செல்வி ஆசைப்பட்டாள். வேறெங்கே கற்றுக்கொள்வது?

படப்பையில் ஞாயிறுதோறும் கூடும் செஸ் மன்றத்தின் செயலாளர் தாண்டவராயன், கேன்டீன் சூப்பர்வைசர். அவர் தீர்ப்புச் சொன்னார்.

"ரேட்டிங்கு பாத்தா ஸ்ரீதருதான். ஆனா பசங்க ஒத்துக்க மாட்டேன்றானுங்க. அஞ்சு வாரம் டைமு. ஒரே ஒரு கேம். செல்வி கெலிச்சா செல்வி மொத போர்டு. டிரா ஆச்சுன்னா ஸ்ரீதரு."

ஆக அவள் ஜெயித்தே தீர வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் முத்துச்செல்விக்குச் சாதாரண ஆட்டம் ஒன்று. துணைக்கு அறைத்தோழி அன்னக்கிளி வந்தாள். கோவில்பட்டிக்காரி. அதே கம்பெனியில் லைன் லீடர். செஸ்ஸில் ராஜாவுக்கும் ராணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆறு வருஷமாக ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக யார் எத்தனை நொடியில் ஸ்க்ரூ போடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, கோயில் வரிசையில் நின்றால்கூட ஓர் ஆள் நகர எத்தனை நொடி என்று எண்ணுகிறவள். பொழுது போகாமல் உட்கார்ந்தவள், நோட்டீஸ் பின்பக்கத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள். முத்துச்செல்வி நல்ல ஆட்டத்தை வழக்கம்போலக் கோட்டைவிட்டு எழுந்து வந்தாள். அன்னக்கிளி தாளை நீட்டினாள்.

"ஏட்டி, ஒன் லைன்ல ஒரு யூனிட்டுக்கு எத்தன செகண்டு?"

"நாப்பத்திரண்டு. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"இதப் படி."

முத்துச்செல்வி படித்தாள். ஒவ்வொரு தடவை காயை நகர்த்தவும் அவள் எடுத்துக்கொண்ட நொடிகள். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. தொடக்கத்தில் மனப்பாட ஆட்டம் முடிந்ததிலிருந்து, தோற்றுப்போன கடைசி நகர்வு வரைக்கும் அப்படியே. ஒன்றுகூட நிமிஷத்தைத் தாண்டவில்லை.

"கடியாரத்துல ஒனக்கு அம்பது நிமிசம் மிச்சம் கெடக்கு. எதிராளி பத்து நிமிசம் தலையப் பிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நீ என்னடான்னா இங்க வந்தும் லைன் ஓட்டுத! ஒனக்கு என்ன, கன்வேயரா ஓடுது?"

முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. மூளை மழுங்கவில்லை, வயதும் காரணமில்லை! ஆறு வருஷம் ஒரே வேகத்தில் ஓடிய கை, யோசித்து முடிவதற்கு முன்பே நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று லைனில் தினமும் கேட்கிறாளே! அன்னக்கிளியை வெளியே இழுத்து வந்து, கட்டிப்பிடித்து நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

வீடியோவுக்கும் ஐந்து நிமிட ஆட்டத்துக்கும் அன்றோடு முழுக்கு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதிர். விடை உடனே தெரிந்தாலும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து, அதைவிட நல்ல விடை இருக்கிறதா என்று தேட வேண்டும். கை வெளியே வந்தால் அன்னக்கிளி ஸ்கேலால் ஒன்று போடுவாள். முதல் வாரம் கை மரத்துப்போனதுதான் மிச்சம். அதைவிடப் பெரிய கூத்து கம்பெனியில் நடந்தது. யோசிக்கிற பழக்கம் லைனுக்கும் தொற்றி, முத்துச்செல்விக்கு முன்னால் யூனிட்டுகள் குவிந்துவிட்டன. "என்ன செல்வி, யூனிட்டக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களா?" என்று சூப்பர்வைசர் அருள்பாண்டி எல்லோர் முன்னாலும் கேட்டார். இங்கே வேகம் குறையக் கூடாது, அங்கே வேகம் கூடக் கூடாது. ஒரே கைக்கு இரண்டு புத்தி சொல்லிக் கொடுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு புதிரில் ஏழு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தாள். அதற்குள் கண்ணில் பட்டவை எல்லாம் இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தன என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் செஸ், மேல்தளத்தில் யாருக்கோ வளைகாப்பு. நாதஸ்வரம் பிளந்து கட்டியது. ஸ்ரீதர் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். வேடிக்கை பார்க்க நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்குத் தொண்ணூறு நிமிஷம். முத்துச்செல்விக்கு வெள்ளை.

முப்பத்து மூன்று நகர்வு வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவளிடம் ஒரு யானை, ஒரு பிஷப். அவரிடம் ஒரு யானை, ஒரு குதிரை. ஆளுக்குச் சில சிப்பாய்கள். அவளுடைய சிப்பாய் ஒன்று எதிரி எல்லைக்குள் புகுந்து, ராணியாக மாற இன்னும் இரண்டே கட்டம் என்று நின்றது. ஸ்ரீதர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தன் யானையால் அவள் யானையை வெட்டிவிட்டு, கடிகாரத்தை ஓங்கித் தட்டினார்.

வெட்டிய யானை அவளுடைய ராஜாவுக்கு மூலைவாட்டில், அடுத்த கட்டத்திலேயே நின்றது. செக் இல்லை. ராஜாவால் அதைத் திருப்பி வெட்டலாம். பச்சைக் குழந்தைகூட வெட்டும். முத்துச்செல்வியின் கை எழுந்துவிட்டது. ராஜாவுக்கு ஒரு விரற்கடை மேலே விரல்கள் வந்துவிட்டன. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும், அதுதான் சட்டம். கூட்டத்தில் அன்னக்கிளி தன்னை அறியாமல் "ஏட்டி!" என்றாள். தாண்டவராயன் திரும்பி முறைத்தார். அதற்கு முன்பே கை நின்றுவிட்டது. முத்துச்செல்வி அதை இழுத்துத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள்.

மூன்றாவது நிமிஷம் அவளுக்குப் பிடிபட்டது. ராஜாவால் வெட்டினால் குதிரை பாய்ந்து ராஜாவுக்குச் செக் வைக்கும். அதே பாய்ச்சலில் பிஷப்பையும் குறிபார்க்கும். பிஷப் செத்தால் குதிரை சிப்பாயின் வழியில் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் குளோஸ். என்ன அழகான பொறி! மனிதர் அவளுடைய கையை நம்பியே வைத்திருக்கிறார்.

சரி, வெட்டக் கூடாது. வெட்டாவிட்டால் ஒரு யானை நஷ்டம். அதிலும் தோல்விதானே? எட்டு நிமிஷம் போனது. மேலே நாதஸ்வரம் நின்று சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்தது. பதினோராவது நிமிஷம் அவள் கண் சிப்பாய் மேல் போய் நின்றது. யானையை விடு. சிப்பாயைத் தள்ளினால்? அடுத்த நகர்வில் ராணி. அவருடைய யானை தடுக்க ஓடிவருமா? கடைசி வரிசைக்கு வந்தால் பிஷப் அடிக்கும். சிப்பாய்க்குப் பின்னால் வந்தால் அதே நேர்க்கோட்டில் பின்னால் நிற்கிற அவளுடைய இன்னொரு சிப்பாய் குறுக்கே மறைக்கும். குதிரை? எங்கே குதித்தாலும் அந்தக் கட்டத்தை எட்டாது. திரும்ப எண்ணினாள். எட்டவே எட்டாது. இருந்தும் இன்னும் ஒரு தடவை, முதலிலிருந்து, எண்ணினாள்.

பத்தொன்பதாவது நிமிஷம் கையை வெளியே எடுத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

ஸ்ரீதரின் கை ஏற்கெனவே குதிரைக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. அவர் யானையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், பிஷப்பைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினார்.

"கெலிச்சிட்டம்மா."

அன்னக்கிளி போட்ட சத்தத்தில் மேல்தளத்துப் பந்தியிலிருந்து நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். முத்துச்செல்விக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜெயித்ததற்காக மட்டும் இல்லை. முப்பத்தொரு வயதில், போன மாதம் இருந்த முத்துச்செல்வியைவிட இன்றைக்கு உட்கார்ந்திருப்பவள் நன்றாக ஆடுகிறாள். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

தாண்டவராயன் அணிப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்ரீதரின் முகத்தைப் பார்த்தபடி தயங்கினார்.

"இன்னாய்யா பாத்துகினு கீற? மொத போர்டுல அவ பேர எழுது" என்றார் ஸ்ரீதர்.

எழுதியாயிற்று. கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது. ஸ்ரீதர் மட்டும் போகவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"எத்தினி நாளா இந்த மாதிரி குந்தி யோசிக்கிற?"

"நாலு வாரமா அண்ணாச்சி."

"நாலு வாரம்..." என்று இழுத்தார். பிறகு குரலைத் தணித்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கேட்டார். "நாப்பத்திமூணு வயசுக்காரனுக்கும் ஏறுமா?"

கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வீட்டு வாடகையை இழுத்துப் பேசினாலே போதும். முத்துச்செல்வி செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் செய்ய வரவில்லை.

"ஒக்காருங்க அண்ணாச்சி" என்று காய்களை அடுக்கத் தொடங்கினாள். "யானைய வெட்டுனீயள்லா, அதுக்கு ரெண்டு மூவ் முந்தி நான் பிஷப்ப நவுத்துனது தப்பு. நீங்க அப்பவே குதிரையத் திருப்பியிருந்தா நான் தோத்திருப்பேன். ஒங்க கண்ணுல படல."

"இன்னாது!" ஸ்ரீதர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். "எங்க, எங்க? காட்டு."

அவர் கை குதிரையை நோக்கிப் பாய்ந்தது. முத்துச்செல்வி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கைய எடுங்க அண்ணாச்சி. மொதல்ல பாருங்க."